போர் முடிந்த ஊர்கள் – 9: ஆணியடித்த பெட்டி

எங்கள் தெருவுக்குச் சில வருடங்களுக்கு முன்பு ஒரு பெட்டி வந்தது. வளைகுடா நாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போன பிள்ளை. சென்னை விமான நிலையத்தில் எடுத்து, ஆம்புலன்ஸில் ஏற்றி, விடியற்காலை மூன்று மணிக்குப் புதுச்சேரிப் பக்கம் எங்கள் ஊரான ஏம்பலத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். வெள்ளைப் பலகைப் பெட்டி. சுற்றிலும் ஆணி. மேலே ஒட்டியிருந்த தாளில் பெயர், பாஸ்போர்ட் எண். இறந்து பல நாள் ஆகிவிட்டது, திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். பந்தல் போட்டாயிற்று, மேளம் வந்தாயிற்று. பெட்டியோடு எடுத்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்களும் சம்மதித்துவிட்டார்கள். பையனின் ஆயா மட்டும் சம்மதிக்கவில்லை.

"மொகத்தப் பாக்காம எப்டிடா எடுப்பீங்க? உள்ள இருக்கிறது எம்பேரன்தான்னு உங்களுக்கு யாரு சொன்னது? அந்தக் காயிதமா?"

யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் பக்கத்துத் தெரு ஆசாரி கடப்பாரையும் உளியும் கொண்டுவந்தார். பலகையைப் பெயர்த்தால் உள்ளே தகரம். தகரத்தையும் வெட்டி, முகத்தருகே ஒரு முழ அகலத்துக்கு மடக்கிவிட்டார்கள். ஆயா குனிந்து பார்த்தாள். இடது புருவத்தில் சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. அதை விரலால் தடவினாள். அதன்பிறகுதான் அழுதாள். அதுவரை அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

இந்தத் தொடரில் இதுவரை ஊர்களின் கதையைச் சொல்லிவந்தேன். இந்த வாரம் ஒரு சினிமாவின் கதை. அந்த ஆயாவைப் போலவே "பெட்டியைத் திற" என்று நின்ற ஒரு கிழவரின் கதை அது. எடுத்தவர் சிங்களவர், பேசும் மொழி சிங்களம், நடக்கும் இடம் இலங்கையின் வறண்ட நாட்டில் ஒரு குக்கிராமம். படத்தின் பெயர் 'புரஹந்த களுவர'. முழுநிலா நாளின் இருட்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இயக்குநர் பிரசன்ன விதானகே. வெளிவந்த ஆண்டு 1997.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், 2009 மே மாதத்தில், இலங்கைப் போர் முடிந்தது. போர் உச்சத்தில் இருந்தபோது எடுத்த படத்தைப் போருக்குப் பிந்தைய ஊர்களைப் பற்றிய தொடரில் ஏன் சேர்க்கிறாய் என்று கேட்பீர்கள். போர் முடிந்தபின் ஒரு ஊர் முதலில் செய்ய வேண்டிய வேலை என்னவென்று இந்தப் படம் முன்கூட்டியே சொல்லிவிட்டது. அந்த வேலை அங்கே இன்றுவரை முடியவில்லை. அதனால்தான் சேர்க்கிறேன்.

கதை மிகச் சிறியது. படமே ஒன்றேகால் மணி நேரம்தான். வன்னிஹாமி என்ற கண் தெரியாத கிழவர். மகன் பண்டார ராணுவத்தில் சிப்பாய். பண்டார செத்துவிட்டான் என்று சொல்லி, தேசியக் கொடி போர்த்திய ஒரு பெட்டியை ராணுவம் கொண்டுவந்து வீட்டில் வைக்கிறது. பெட்டிக்கு முத்திரையிட்டிருக்கிறார்கள், திறக்கக் கூடாது. பிக்கு வருகிறார், சடங்கு நடக்கிறது, ஊரே கூடி நின்று புதைத்துவிட்டுப் போகிறது. வன்னிஹாமி அழவில்லை. மகன் சாகவில்லை என்பது அவர் எண்ணம். அரசாங்கம் நட்ட ஈடு தருகிறது. தகப்பன் கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மகள் இருக்கிறாள். கடன் இருக்கிறது. கிராம அதிகாரி தாளோடு வருகிறார், போகிறார், மறுபடி வருகிறார். கிழவர் கையெழுத்துப் போடுவதில்லை. சத்தம் போடுவதுமில்லை, சண்டைக்குப் போவதுமில்லை. ஒரு நாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குழியைத் தோண்ட ஆரம்பிக்கிறார். பெட்டியைத் திறக்கிறார்கள். உள்ளே வாழைத்தண்டும் கற்களும்.

இவ்வளவுதான் கதை. போர்க்களத்தைப் படம் காட்டவே இல்லை. எதிரி யாரென்றும் சொல்லவில்லை. தமிழர் பாத்திரம் என்று கதையில் ஒன்று கிடையாது. இருந்தும் தமிழர்கள் பார்த்தே ஆக வேண்டிய சிங்களப் படம் எது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

வன்னிஹாமியாக நடித்தவர் ஜோ அபேவிக்ரம. 1927-இல் இரத்தினபுரிப் பக்கத்தில் பிறந்தவர், 2011-இல் காலமானார். சிங்கள சினிமாவுக்குள் நகைச்சுவை நடிகராக வந்தவர். அவர் திரையில் வந்தாலே சிரிக்கக் காத்திருக்கும் கூட்டம் ஒன்று அங்கே இருந்தது. அந்த முகத்தை எடுத்து, அதில் சிரிப்பு, அழுகை இரண்டையும் துடைத்துவிட்டு, ஒரு கருங்கல்லைப் போல உட்கார வைத்தார் விதானகே. படத்தில் கிழவர் நடக்கும் நடையைக் கவனியுங்கள். கண் தெரியாதவர் என்று காட்ட அவர் தடுமாறுவதில்லை. பாதத்தைத் தரையில் வைத்து, மண்ணின் சூடு, ஈரம், மேடு, பள்ளம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நடப்பதுபோல நடக்கிறார். ஊரில் வளர்ந்தவனுக்குத்தான் அந்த நடையின் அருமை தெரியும். 1999-இல் சிங்கப்பூர்த் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. அதற்கு முன்பே பிரான்சில் அமியேன் விழாவில் படம் முதல் பரிசு வாங்கியிருந்தது. அமியேன் என்பது சோம் ஆற்றங்கரை ஊர். முதல் உலகப்போரில் அடையாளம் தெரியாத பிணங்களாக ஆயிரக்கணக்கான சிப்பாய்களைப் புதைத்த மண் அது. இந்தக் கிழவரின் கேள்வி அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

பெட்டிக்குள் வாழைத்தண்டு வந்தது எப்படி? கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 1996 ஜூலை 18 அன்று முல்லைத்தீவு ராணுவ முகாமை விடுதலைப் புலிகள் தாக்கினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். இப்படித் தோற்ற களங்களில் எத்தனையோ உடல்கள் கிடைக்கவில்லை. கிடைத்தவையும் அடையாளம் காணும் நிலையில் இல்லை. அனுராதபுரம், பொலன்னறுவை, மொனராகலை என்று ஏழை விவசாயக் கிராமங்களிலிருந்து போன பிள்ளைகள். மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை, விளைச்சல் இல்லாவிட்டால் வேலை இல்லை, மாதச் சம்பளம் தரும் ஒரே இடம் ராணுவம். விதானகே இந்த முடிச்சைப் படத்தில் பிரசங்கம் செய்து அவிழ்க்கவில்லை. ஏரி வறண்டு கிடப்பதைக் காட்டுகிறார். பாதி கட்டி நிற்கும் வீட்டைக் காட்டுகிறார். அந்த இரண்டுமே பையன் ஏன் போனான் என்பதைச் சொல்லிவிடுகின்றன.

அந்த ஏரியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். சிங்களத்தில் 'வெவ', ஈழத் தமிழில் 'குளம்', நமக்கு 'ஏரி'. மூன்றும் ஒன்றுதான். மண்ணை அணைத்துக் கரை போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி, மதகு வழியே வயலுக்கு விடுவது. இலங்கையின் வறண்ட நாடும் நம் பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் பகுதிகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே வயிற்றில் பிறந்தவை. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள். ஊசுடு பெரியது, அடுத்தது பாகூர். ஒரு கிராமத்தில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்பது கோவில் திருவிழாவில் தெரியாமல் போகலாம். மதகு திறக்கும் நாளில் தெரிந்துவிடும். படம் வற்றிய ஏரியில் தொடங்குகிறது. ஏரி வேலைக்கு ஊர் கூடுகிறது. வன்னிஹாமி பெட்டியைத் திறந்த பிறகு ஊரின் முகமே வேறாக இருக்கிறது. அதுவரை அவரைப் பைத்தியம் என்று பார்த்த கண்கள் தரையைப் பார்க்கின்றன. ஒரு பொய்யை ஊரே சேர்ந்து புதைத்தது. ஊரே சேர்ந்து தோண்டிப் பார்த்தும் ஆகிவிட்டது. அந்தக் காட்சியில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்துக்கொள்வதில்லை, மன்னிப்புக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. கிராமத்தில் சமாதானம் அப்படித்தான் வரும். வாயால் வராது, ஒரே வேலையில் நாலு கை சேரும்போது வரும்.

படம் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி நிறுவனத்தின் பண உதவியோடு எடுக்கப்பட்டது. வெளிநாட்டு விழாக்களில் சுற்றிவிட்டு 2000-ஆம் ஆண்டு சொந்த நாட்டுத் திரையரங்குகளுக்கு வரவேண்டிய நேரத்தில் அரசாங்கம் தடுத்தது. அந்த ஏப்ரலில்தான் ஆனையிறவு முகாம் புலிகளிடம் விழுந்திருந்தது. படம் வந்தால் சிப்பாய்களின் மன உறுதி குலையும் என்றார்கள். விதானகே உச்ச நீதிமன்றம் போனார். 2001-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. படம் திரைக்கு வந்தது. போர் நடந்துகொண்டிருந்த ஒரு நாட்டில் இப்படி ஒரு தீர்ப்பு வந்தது சாதாரண விஷயம் இல்லை. அந்தப் பெருமையை அந்த நாட்டுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

வன்னிஹாமிக்கு நிஜத்தில் ஒரு உடன்பிறப்பு உண்டு. கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச. அவருடைய மகன் ராணுவ அதிகாரி. 1998 செப்டம்பரில் கிளிநொச்சி முகாம் மீது நடந்த தாக்குதலில் காணாமல் போனவர்களில் ஒருவர். உடலும் வரவில்லை, தகவலும் வரவில்லை. அந்த அம்மா வீட்டுக்குள் முடங்கவில்லை. தன்னைப் போலப் பிள்ளையைத் தொலைத்த பெற்றோரைத் திரட்டினார். களத்துக்குப் போகும் ஒவ்வொரு சிப்பாய்க்கும் கழுத்தில் அடையாளத் தகடு வேண்டும் என்று கேட்டார். பிள்ளை உயிரோடு இல்லாவிட்டாலும் பெயராவது வீடு வந்து சேரட்டும் என்பதற்காக. பிறகு புலிகளின் ஆட்சியில் இருந்த பகுதிக்கே போய் அவர்களிடமும் பேசினார். அந்தப் பக்கமும் பிள்ளையைத் தொலைத்த அம்மாக்கள் இருந்தார்கள். போரால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கென்று அவர் தொடங்கிய சங்கத்தில் சிங்களத் தாய்களும் தமிழ்த் தாய்களும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். எதிரி என்ற சொல் அந்த அறையில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்த் தாய்களின் கதை இன்னும் கொடுமை. 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்பு, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்களும் மனைவிகளும் உட்கார்ந்தார்கள். போரின் கடைசி நாட்களில் பெற்றவர்களே தங்கள் கையால் பிள்ளைகளை ராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள் அவர்களில் உண்டு. பஸ்ஸில் ஏற்றியதைக் கண்ணால் பார்த்தவர்கள். "எங்கே?" என்ற ஒரே கேள்விதான். போராட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. ஆயிரம் நாள், இரண்டாயிரம் நாள் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். அப்படி உட்கார்ந்தபடியே கிழவிகளாகி, பதில் கிடைக்காமலே பலர் செத்தும் போனார்கள். காணாமற்போனோர் அலுவலகம் அமைக்க 2016-இல் சட்டம் போட்டார்கள். 2022 மார்ச் மாதம், காணாமல் போனவர் ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. பந்தலில் இருந்த அம்மாக்கள் வேண்டாம் என்றார்கள். பணம் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்றார்கள்.

இப்போது வன்னிஹாமியை மறுபடி நினைத்துப் பாருங்கள். வறுமை கழுத்தை நெரிக்கும்போதும் கையெழுத்துப் போடாத அந்தக் கை. அவர் சிங்களவர், இவர்கள் தமிழர்கள். அவருடைய மகன் துப்பாக்கி தூக்கியது யாரை நோக்கி என்பது இவர்களுக்குத் தெரியும். ஆனால் அவர் நின்ற இடத்தில்தான் இவர்களும் நிற்கிறார்கள். பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடிக்கப் பார்க்கும் அரசாங்கத்திடம், "முதலில் பெட்டியைத் திற" என்று சொல்லும் இடம் அது. 1997-இல் ஒரு சிங்களக் கலைஞர் தன் சொந்த அரசாங்கத்தைப் பார்த்து அதைக் கேட்டிருக்கிறார். நாம் அதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தெரியாமல் இருந்தது மட்டும் இல்லை, ஒரு முறை கதவையும் சாத்தினோம். விதானகே போருக்குப் பின் எடுத்த படம் 'ஒப நாதுவ ஒப எக்க'. நீயில்லாமல், உன்னோடு என்று பொருள். தஸ்தயேவ்ஸ்கியின் ஒரு குறுநாவலை மலையகத்துக்குக் கொண்டுவந்து எடுத்தது. அடகுக்கடை வைத்திருக்கும் ஒரு சிங்களவன், செல்வி என்ற தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். தான் முன்பு ராணுவத்தில் இருந்ததை மறைத்துவிடுகிறான். அந்த உண்மை தெரியவரும் இடத்திலிருந்து வீடு வீடாக இருப்பதில்லை. செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீலுக்கு 2012-இல் கோவா விழாவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. 2014 ஜூனில் இந்தப் படம் சென்னையில் திரையிடப்பட்டபோது மிரட்டல் வந்து காட்சிகளை நிறுத்தினார்கள். இயக்குநர் சிங்களவர் என்பது போதுமான காரணமாக இருந்தது. போர் முடிந்த முள்ளிவாய்க்காலின் ரணம் ஆறாத நேரம், கோபத்துக்குக் காரணம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தன் இனத்துச் சிப்பாய் செய்த குற்றத்தை மறைத்தால் குடும்பமே அழியும் என்று சொன்ன படத்தை நிறுத்தினோம். அது தவறு. பத்தாண்டு கழித்துச் சொல்கிறோம் என்பதற்காக அதை மென்று விழுங்க வேண்டியதில்லை.

சரி, இதற்கும் ஏம்பலத்துக்கும் என்ன?

முதலில் ஒரு நேரடித் தொடர்பு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியைத் தாண்டி மரக்காணம் போகும் வழியில் கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே இருந்து பெயிண்டிங் வேலைக்கும் மேஸ்திரி வேலைக்கும் நம் பக்கம் வந்துபோகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எந்த ஊர், யார் யார் தொலைந்தார்கள் என்று எத்தனை பேரிடம் கேட்டிருப்போம்?

இன்னொரு தொடர்பு கொஞ்சம் பழையது. நம் கிராமங்களில் 'சொல்தா' வீடு என்று சொல்வது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் வீடு. சைகோன், அனோய், பிறகு அல்ஜீரியா என்று பெயர் தெரியாத ஊர்களுக்கு நம் ஆட்கள் கப்பல் ஏறினார்கள். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நான்கு தூண்களோடு நிற்கும் போர் நினைவுச் சின்னத்தை 1938-இல் திறந்தார்கள். முதல் உலகப்போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்காக. பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14-இல் ஒவ்வோர் ஆண்டும் விளக்குப் போட்டு மாலை வைக்கிறார்கள். நாம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறோம். அந்தச் சாவுச் செய்தி ஒரு பாகூர் வீட்டுக்கோ ஒரு வில்லியனூர் வீட்டுக்கோ எப்படி வந்தது? தந்தியாகவா, ஆள் வழியாகவா? உடல் வந்ததா? அந்த வீட்டு அப்பா நம்பினாரா? வன்னிஹாமியின் திண்ணை நம் ஊரிலும் இருந்திருக்கிறது. அதில் உட்கார்ந்தவரைப் பற்றி ஒரு வரிகூட யாரும் எழுதி வைக்கவில்லை.

மூன்றாவது, 1954. இது நம் சொந்தக் கதை. உள்நாட்டுப் போர் என்ற பெரிய பெயரை இதற்குச் சூட்ட மாட்டேன். ஆனால் 1948 முதல் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இந்தக் கொம்யூன்களில் வாழ்ந்தவர்களுக்கு அது சின்ன விஷயமும் இல்லை. இந்தியாவோடு சேர வேண்டும் என்று ஒரு பக்கம், பிரான்சோடு இருப்போம் என்று ஒரு பக்கம். ஒரே தெருவில் இரண்டு கொடி. அடியாட்கள், தடியடி, தீ வைப்பு. ஒரு பக்கம் நிற்பவன் வயலுக்கு மறுபக்கக்காரன் தண்ணீர் விட மாட்டான். பிரெஞ்சு இந்திய சோஷலிஸ்ட் கட்சியின் எதுவார் குபேர் பிரெஞ்சுக்காரர்களோடு கைகோத்திருந்தவர். கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா அவருக்கு நேர் எதிர். 1954 மார்ச்சில் காற்று திசை மாறியது. நகராட்சிகள் இணைப்புத் தீர்மானம் போட்டன. குபேர் அணி மாறி வந்தார். மார்ச் 31 அன்று, ஏம்பலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இதே நெட்டப்பாக்கத்தில், இணைப்புக்காகப் போராடிய தாதலா ரஃபேல் ரமணய்யாவும் குபேரும் மற்றவர்களும் காவல் நிலையத்தில் இந்தியக் கொடியை ஏற்றினார்கள். அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு 170, எதிராக 8. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி முழுமையானது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமா, இந்தியக் குடியுரிமை வேண்டுமா என்று முடிவு செய்ய ஆறு மாதம் கொடுத்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு ஆனார்கள். குபேர் 1963-இல் புதுச்சேரியின் முதல் முதலமைச்சர் ஆனார்.

அந்த எட்டுப் பேரைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தோற்றது தெரிந்த பிறகும் தங்கள் மனதில் பட்டதைச் சொன்னவர்கள். அவர்களும் அதே ஊர்களுக்குத்தான் திரும்பிப் போனார்கள். அதே டீக்கடை, அதே மதகு, அதே சுடுகாடு. ஊர் எப்படி மறுபடி ஒட்டியது? என் சின்ன வயதில் பெரியவர்களைக் கேட்டபோதெல்லாம், "அதெல்லாம் அந்தக் காலத்துல நடந்தது தம்பி, இப்ப எதுக்கு?" என்றுதான் பதில் வந்தது. யார் வீடு எரிந்தது, யார் எரித்தார், யார் ஊரை விட்டுப் போனார், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒன்றாக வாழ வேண்டும் என்பதற்காக வாயைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த மௌனத்தால்தான் கல்யாணங்கள் நடந்தன, சம்பந்தங்கள் ஏற்பட்டன. ஆனாலும் அது ஆணியடித்த பெட்டிதான். எழுபது வருடம் கழித்தும் சில வீடுகளுக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. ஏன் என்று கேட்டால் யாருக்கும் காரணம் தெரிவதில்லை. காரணம் பெட்டிக்குள் இருக்கிறது.

போன மாசி மாதம் இந்தப் படத்தை எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். ஏழெட்டுப் பேர் வந்தார்கள். சிங்களம் யாருக்கும் தெரியாது. நான் அங்கங்கே நிறுத்தி அர்த்தம் சொன்னேன். பாதிக்கு மேல் என்னை நிறுத்த விடவில்லை. தேவைப்படவில்லை. பெட்டியைத் திறக்கும் இடத்தில், முதலில் நான் சொன்னேனே, அந்த ஆயா, "அடப் பாவிங்களா, வாழத்தண்டா வச்சானுங்க" என்று கத்திவிட்டாள். பிறகு மெதுவாக, "எனக்காச்சும் தழும்பு இருந்துது" என்றாள். படம் முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு இரவுதான் எண்பது வயதைத் தாண்டிய ஒரு தாத்தா, 1954-இல் தங்கள் தெருவில் வைக்கோல் போர் எரிந்த கதையை முதல்முறையாக வாயைத் திறந்து சொன்னார். எரித்தவர் யாரென்றும் சொன்னார். அந்த மனிதரின் பேரன் அப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். எழுந்து போய்த் தாத்தாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இரவு பத்தரை மணிக்கு அவனே அவரை பைக்கில் உட்கார வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

1999 முதல் 2008 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நம் 84 ஏரிகளையும் தூர்வாரிக் கரை கட்டிய திட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். ஏரி தோறும் சங்கம் அமைத்து ஊர் மக்களையே பொறுப்பில் வைத்தார்கள். ஊர்த்தெருவும் காலனியும் ஒரே பாயில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த கூட்டங்கள் அப்போது நடந்தன. இந்தப் பகுதிக்கு அது சின்னச் சாதனை இல்லை. வன்னிஹாமியின் ஊர் ஏரிக்கரையில் கூடியதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கூட்டங்கள்தான் கண்முன் வந்தன. தூர்வாரும்போது மேலே இருப்பது சேறு. அதை அள்ளிய பிறகுதான் தரை தெரியும், பழைய மதகின் கல் தெரியும், நம் பாட்டன் போட்ட கரையின் அடி தெரியும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுப் பகுதிகளில் பழைய சொல்தா வீடுகள் இன்னும் இருக்கின்றன. உங்கள் பரணில் தகரப் பெட்டிக்குள் சைகோனிலிருந்து வந்த கடிதமோ, பட்டாளத்துப் புத்தகமோ, ஒரு தந்தியோ இருக்கலாம். 1954-ஐக் கண்ணால் பார்த்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டியவர்கள். வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்தத் தாள்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அவர்கள் பேசுவதை உங்கள் செல்போனிலாவது பதிந்து வையுங்கள். யாரைக் குறை சொல்லிப் பேசினாலும் இடைமறிக்காதீர்கள், முழுக்கச் சொல்ல விடுங்கள்.

அடுத்த வாரம், விதானகேயின் இன்னொரு படமான 'இர மதியம', 2003. 1990 அக்டோபரில் வட இலங்கையிலிருந்து முஸ்லிம் குடும்பங்களைப் புலிகள் வெளியேற்றியது அதில் ஒரு கதையாக வருகிறது. தமிழர்கள் நாம் திறக்க வேண்டிய பெட்டி அது.

(தொடரும்)